அஜீரண மருந்துகளுக்கு நாங்கள் வைத்த பரீட்சை

அறிவியல் கண்காட்சிக்குச் சோதனை தயார் பண்ணுகிற வேலையில் அமிலம் ஒரு பொருட்டே இல்லை. கூட வேலை செய்கிற ஆட்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தெர்மாகோலோடு சேர்த்து விரலையும் வெட்டிக்கொண்டவர்களே, நடுவர் நிற்கும்போது பொங்காமல் அவர் போன பிறகு பொங்கிய எரிமலைக்குச் சொந்தக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. படிப்பு சுமார்தான். ஆனால் யார் குரலையும் இரண்டு நாள் கேட்டால் மூன்றாம் நாள் அந்தக் குரலில் பேசிவிடுவேன். கண்டக்டர், கரண்ட் ஆபீஸ்காரர், ரிவர்ஸ் எடுக்கிற லாரி, எல்லாம் வரும். என்னை இந்த வேலையில் மாட்டிவிட்டதும் அந்தக் குரல்தான்.

விடுமுறை அறிவிப்பு

ஒருநாள் பிரேயர் முடிந்ததும் மைக்கை அணைக்காமல் போய்விட்டார்கள். எங்கள் எச்.எம். சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைச் சொல்வதானாலும் தொண்டையைச் செருமிவிட்டு "ஆகவே" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்கு முன்னால் எதுவுமே சொல்லியிருக்க மாட்டார். நானும் செருமினேன். "ஆகவே, மாணவ மாணவியரே, கனமழை காரணமாக இன்று மதியம் பள்ளிக்கு விடுமுறை."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அதை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. சித்தேரி மலையிலிருந்து வருகிற பிள்ளைகள், பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள், பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். பி.டி. சாரும் வண்டியைக் கிளப்பிவிட்டார். கேட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது நிஜ எச்.எம்.

தண்டனை அன்றைக்கே வந்துவிட்டது: ஆண்டு விழாவில் நான் மேடை ஏறக் கூடாது. வருஷா வருஷம் பத்து நிமிஷம் மிமிக்ரி பண்ணுகிறவன் நான். இந்த வருஷத்துக்குப் பதினான்கு குரல் தயார் பண்ணி வைத்திருந்தேன். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வராண்டாவில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற என் பக்கத்தில் வந்து பி.டி. சார் மெதுவாகச் சொன்னார்: "நீ பண்ணுனது தப்புன்னு சொல்லலடா. ஒரு அஞ்சு நிமிசம் கழிச்சு அவருக்குத் தெரிஞ்சிருந்தா நான் கேட்டைத் தாண்டியிருப்பேன்."

அஞ்சு மாமன்கள்

என்னைக் காப்பாற்ற வந்தவர் கெமிஸ்ட்ரி மிஸ். காப்பாற்ற என்றால், கொஞ்சம் கஷ்டமான காப்பாற்றல். "ஒரு மாசம், ஒரு சேட்டை இல்லாம, யார் என்ன கேட்டாலும் நிக்கற மாதிரி நேர்மையா ஒரு சோதனை பண்ணிக் காட்டு. மேடைக்கு நான் எச்.எம். கிட்டப் பேசறேன். நடுவுல ஏதாவது குறும்பு பண்ணுன, ஆண்டு விழா அன்னிக்கு நீ சேர் தூக்கற கோஷ்டிதான். புரிஞ்சுதா? புரிஞ்ச மாதிரி தலையாட்டாத." தலையாட்டுவதை நிறுத்தினேன்.

தலைப்பும் அவரே கொடுத்தார்: அஜீரணத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் ஜனங்கள் சாப்பிடுவதில் எது வயிற்று அமிலத்தை நன்றாக அடக்குகிறது? மதிய இடைவேளை முடிந்து வரும்போதெல்லாம் மிஸ் வாயில் ஒரு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கூட்டாளிகள் இரண்டு பேர். ஒன்று பவித்ரா, ஊருக்குள் மளிகைக்கடை வைத்திருப்பவர் மகள், சாயங்காலமானால் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டுகிறவள். இன்னொன்று மாதேஷ், சித்தேரிக்காரன், மலையில் இல்லாத வைத்தியம் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவன்.

முதல் திட்டம் மாதேஷுடையது. அவன் அக்கா கல்யாணத்துக்கு அஞ்சு மாமன்கள் வருவார்கள். விருந்து முடிந்ததும் ஆளுக்கு ஒரு மருந்து. யார் ஏப்பம் முதலில் நிற்கிறதோ அந்த மருந்து ஜெயித்தது. நான் அங்கேயே அஞ்சு மாமன்களின் ஏப்பத்தையும் விட்டுக் காட்டினேன். மிஸ் சிரிக்கவில்லை. ஒரு மாமன் ரெண்டு இலை சாப்பிடுவார், ஒருத்தருக்கு ஏற்கெனவே அல்சர், ஒருத்தர் வெற்றிலை போடுவார். மருந்து ஒன்றுதான் மாற வேண்டும், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் அது நியாயமான சோதனை என்றார். அதோடு, மனுஷன் வயிற்றில் கை வைக்கவே கூடாது, பீக்கரில் மட்டும்தான் என்றும் சொன்னார். மாதேஷ் நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்ப அஞ்சு மாமனையும் ஒரே அளவு சாப்புடச் சொல்லிட்டாப் போச்சுங்க மிஸ்."

எல்லாத்துலயும் ஒண்ணு

சாமான் வாங்க மெடிக்கல் கடைக்கு நான் போனேன். யூனிபார்மோடு போய் நின்று, நல்ல பிள்ளையாக, என் சொந்தக் குரலிலேயே கேட்டேன்: "அண்ணா, அஜீரணத்துக்கு என்னென்ன இருக்குதோ எல்லாத்துலயும் ஒண்ணு குடுங்க." கடைக்கார அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார். "யாருக்குப்பா?" என்றார். "கண்ணாடிக் குடுவைக்குங்க" என்றேன். பழைய பழக்கத்தில் பதில் கொஞ்சம் அப்படி வந்துவிட்டது.

அவர் மெல்லுகிற மாத்திரை ஒரு பட்டை, ரோஸ் கலர் சிரப் ஒன்று, தண்ணீரில் போட்டால் பொங்குகிற உப்புப் பாக்கெட் ரெண்டு என்று வரிசையாக எடுத்து வைத்தார். எனக்குப் பின்னால் தலைவலி மாத்திரைக்கு நின்றிருந்தவர் அந்த வரிசை நீள நீள எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என் தோளைத் தொட்டார்: "தம்பி, நீ எந்த ஓட்டல்ல சாப்ட்டன்னு மட்டும் சொல்லிட்டுப் போ, நாங்க அந்தப் பக்கம் போவாம இருக்கறோம்."

ஆரம்பிக்கும் முன்னே முடிந்தது

முறை இதுதான். ஒரு கிராம் மருந்தைப் பொடியாக்கித் தண்ணீரில் கலக்க வேண்டும். அதில் மெத்தில் ஆரஞ்சு ரெண்டு சொட்டு விட்டால் மஞ்சளாக இருக்கும். மேலே ப்யூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மருந்து தாங்குகிற வரை மஞ்சள். தாங்க முடியாமல் கை விரித்ததும் கலர் சிவப்புப் பக்கம் மாறும். அதுவரை எத்தனை மில்லி அமிலம் போனது என்று குறித்தால், அதுதான் அந்த மருந்தின் பலம். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை.

முதல் நாள் ரோஸ் சிரப்பை ஊற்றினோம். அமிலக் குழாயைத் திறக்கவே இல்லை, குடுவை ரோஸாக நின்றது. மெத்தில் ஆரஞ்சு விட்டோம், அப்போதும் ரோஸ்தான். அமிலம் விட்டோம், ரோஸ். இன்னும் விட்டோம், ரோஸ். நான் கிரிக்கெட் வர்ணனையாளர் குரலில், "மைதானத்தில் எந்த மாற்றமும் இல்லை நேயர்களே" என்றேன். அரை மணி நேரம் கழித்து மிஸ் வந்து பார்த்துச் சிரப்பை வரிசையிலிருந்து நீக்கச் சொன்னார். அதன் சொந்த நிறமே மாற்றத்தை மறைத்துவிடுகிறது. பாட்டிலை மூடிக்கொண்டே பவித்ரா சொன்னாள்: "இதைப் பாத்து அரை மணி நேரம் நோட்டுல எழுதியிருக்கறோம் பாரு, அந்தப் பக்கத்தக் கிழிச்சுடலாங்களா மிஸ்?"

கிழிக்கக் கூடாது என்றார் மிஸ். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது: ரோஸ், ரோஸ், ரோஸ், ரோஸ்.

மலை மருந்து

மாதேஷ் அடுத்த நாள் பஸ்ஸில் ஒரு துணி மூட்டை கொண்டுவந்தான். உள்ளே கடுக்காய்ப் பொடி. "இது இருக்கறப்ப மத்ததெல்லாம் எதுக்குடா?" என்றான். பவித்ரா கடையிலிருந்து ஓமமும் சோடா உப்பும் உதிரியாக வந்திருந்தது. ஆக மாத்திரை, பொங்கும் உப்பு, சோடா உப்பு, ஓமம், கடுக்காய் என்று அஞ்சு பேர் பரீட்சை எழுத உட்கார்ந்தார்கள்.

கடுக்காய்க்கு அமிலமே தேவைப்படவில்லை. மெத்தில் ஆரஞ்சு விட்டதுமே மஞ்சளை விட்டு நகர்ந்துவிட்டது. அதுவே கொஞ்சம் அமிலச் சாதி. ஓமம் ரெண்டு சொட்டில் கவிழ்ந்தது. மாதேஷ் முகம் சிறுத்துப்போய்விட்டது. மிஸ் உடனே சொன்னார், இது அமிலத்தை அடக்குமா என்று மட்டும்தான் நாம் கேட்டோம், வாயு, மந்தம், செரிமானத்துக்கு அது என்ன பண்ணும் என்று கேட்கவே இல்லை, அதனால் மருந்து வேலை செய்யாது என்று ஒருத்தரும் எழுதக் கூடாது என்று. மாதேஷ் மூட்டையைத் திரும்பக் கட்டினான். "பீக்கருக்கு மலச்சிக்கல் வரட்டும், அப்பத் தெரியும் எங்க கடுக்காய் யாருன்னு."

சந்தை நாள்

மூன்று தடவையும் முடிந்தபோது சோடா உப்பு முதலிடம். முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு மில்லி. மாத்திரை ஒரு மயிரிழையில் பின்னால்: முப்பது, முப்பது, முப்பது. பொங்கும் உப்பு ரொம்பப் பின்னால். எண்கள் அவ்வளவு ஒழுங்காக வந்ததைப் பார்த்து மிஸ்ஸுக்கே பெருமை. சார்ட் எழுதியாயிற்று. எச்.எம். பிரேயரில், "ஆகவே, நம் சமையலறைச் சோடா உப்பே மாத்திரையை வென்றது என நம் மாணவர்கள் நிரூபித்துள்ளனர்" என்று அறிவித்தும்விட்டார். மேடை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் சந்தை. கடையில் கூட்டம் தாங்காது என்று பவித்ரா காலையில் வரவில்லை. நடுவர் முன்னால் தடுமாறக் கூடாதே என்று மாதேஷும் நானும் ஒருமுறை ஒத்திகை பார்த்தோம். எப்போதும் பவித்ரா போடுகிற எடையை அன்றைக்கு மாதேஷ் போட்டான். சோடா உப்பு இருபத்துநாலு மில்லியிலேயே கவிழ்ந்தது. மறுபடி போட்டோம். இருபத்துநாலு. மாத்திரை மட்டும் அதே முப்பது. அமிலத்தைச் சந்தேகப்பட்டோம், தராசைச் சந்தேகப்பட்டோம், கடைசியில் மாதேஷைச் சந்தேகப்பட்டேன். "எடை போடத் தெரியுமாடா உனக்கு? பவித்ரா எப்படிப் போடுவா தெரியுமா?" என்று அவளை மாதிரியே பண்ணிக் காட்ட ஆரம்பித்தேன். முழங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு, தராசில் காகிதம், கரண்டியால் தட்டித் தட்டி சரியாக ஒரு கிராம், காகிதத்தைத் தூக்கிக் குடுவையில் கவிழ்ப்பு. அப்புறம் என் கை தானாக டப்பாவுக்குள் போய் ஒரு சிட்டிகை எடுத்து மேலே போட்டது.

ரெண்டு பேரும் என் கையைப் பார்த்தோம். நான் யாரையும் அரைகுறையாகப் பண்ணுவதில்லை. அவள் பண்ணாததை என் கை பண்ணியிருக்காது. மளிகைக்கடைப் பிள்ளை, நிறுத்துப் போட்ட பிறகு கொசுறு ஒரு சிட்டிகை போடாமல் அந்தக் கைக்கு வியாபாரம் முடியாது. மூன்று தடவையும் ஒரே அளவுக் கொசுறு, அதனால்தான் எண்கள் அவ்வளவு அழகு! மாத்திரைப் பொடிக்கு மட்டும் ஏன் போடவில்லை என்று மத்தியானம் வந்தவளிடம் கேட்டோம். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னாள்: "பாக்கெட் அயிட்டத்துக்கு எந்தக் கடையில கொசுறு குடுப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சார்ட்டைப் பார்த்தாள்.

மிஸ்ஸிடம் உண்மை சொன்னது

இப்போது என் நிலைமையைப் பாருங்கள், கஷ்டம் தெரிந்தவர்களே. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. நாளைக்குக் கண்காட்சி, அடுத்த வாரம் மேடை. சொன்னால், கடைசி நாளில் சோதனையைக் கெடுத்தது யார் என்று கேட்பார்கள். இந்தப் பள்ளியில் எது கெட்டாலும் முதலில் வருகிற பெயர் என்னுடையது. பவித்ரா நகத்தைக் கடித்தாள். மாதேஷ், "சொன்னாலும் நம்ப மாட்டாங்கடா" என்றான். முப்பத்தொன்று என்று நடுவரிடம் நான்தான் வாயால் சொல்ல வேண்டும். பதினான்கு குரலில் எந்தக் குரலில் சொல்லிப் பார்த்தாலும் அது பொய்யாகவே கேட்டது. ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.

முழுக்கச் சொன்னேன். மிஸ் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிட்டிகை போட்டது நான்தான், இப்போது பவித்ரா மேல் பழி போட்டு வேடிக்கை பார்க்கிறேன் என்று அவர் கண்ணிலேயே ஓடியது. "மிஸ், சத்தியமா விளையாடலைங்க மிஸ், இது நானே பேசறேன்" என்றேன். என் சொந்தக் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. மிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "சரி, இது யார் குரல்?"

திரும்ப நிறுத்தது

வாயால் நிரூபிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. மிஸ்ஸை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலியான உலர்ந்த குடுவையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிக்கொண்டு, பவித்ராவை வழக்கம்போல ஒரு கிராம் சோடா உப்பு எடுத்துப் போடச் சொன்னேன். தெரிந்தும் அவளால் முடியவில்லை. நிறுத்தாள், கவிழ்த்தாள், கை டப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு "ஐயையோ" என்றாள். குடுவையை மறுபடி தராசில் வைத்தோம். ஒன்று புள்ளி மூன்று.

மிஸ் குனிந்து அந்த எண்ணைப் படித்தார். பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "மணி என்ன?" என்றார். கடைசி பெல்லுக்குள், கொசுறு விழுந்த சோடா உப்பையும் ஓமத்தையும் மூன்று தடவை திரும்பப் பண்ணினோம். பவித்ரா நிறுக்கும்போது அவள் இடது கையை மாதேஷ் டப்பாவிலிருந்து தள்ளி நிறுத்திவைத்தான். இருபத்துநாலு, இருபத்துநாலு, இருபத்துநாலு. மாத்திரை முதலிடம். சார்ட்டில் பழைய எண்ணின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினோம். பசை தடவிக்கொண்டே மிஸ் முனகினார்: "எச்.எம். கிட்ட யார் சொல்றது?"

நடுவர்

தருமபுரியில் கண்காட்சி. எங்களுக்கு இடப் பக்கம் தானாகத் தண்ணீர் பாய்ச்சுகிற மிஷின், வலப் பக்கம் குப்பை போட்டால் நன்றி சொல்கிற தொட்டி. அந்தத் தொட்டியின் குரல் சுமார்தான். நான் இன்னும் நன்றாகப் பண்ணுவேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நடுவர் வந்தார். முதலில் கேட்டது, "இது வயிறா, பீக்கரா?" பீக்கர்தாங்க சார், வயிற்றில் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை என்றேன். தலையசைத்தார். பிறகு விரல் நகத்தால் சார்ட்டின் ஒட்டுக் காகிதத்தைச் சுரண்டி, "இது என்ன ஒட்டு? அவசரத்துல எழுத்துப் பிழையா?" என்று பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நான் வாயைத் திறப்பதற்குள் பவித்ரா முன்னால் வந்தாள். "பிழைதாங்க சார். ஆனா எழுத்துல இல்ல, என் கையில." கதை முழுவதையும் அவளே சொல்லி, டப்பாவைத் திறந்து எடை போட்டும் காட்டினாள். நிறுத்து முடித்ததும் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவர் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மதிப்பெண் தாளில் என்னவோ எழுதினார். போகும்போது திரும்பிக் கேட்டார்: "உங்க கடை எங்கம்மா இருக்கு?"

முதல் பரிசு தண்ணீர் மிஷினுக்குப் போனது. எங்களுக்கு ஊக்கப் பரிசு. மாதேஷுக்கு ஊக்கம் வரவில்லை, கடுக்காய்க்கு எதுவும் கிடைக்கவில்லையே என்று.

கதவைச் சாத்து

மறுநாள் எச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். மிஸ் பேசிவிட்டு வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் உள்ளே போனேன். "கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன். "சோடா உப்புதான் ஜெயிச்சதுன்னு நான் மைக்ல சொல்லியிருக்கேன். நீ போய் மாத்திரைன்னு மாத்திட்டு வந்திருக்க."

"ஆமாங்க சார். தப்பா நிறுத்துட்டோங்க."

"சொல்லாம விட்டிருந்தா?"

"சோடா உப்பே ஜெயிச்சிருக்குங்க சார்."

ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் நாற்காலிகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். "நாளைக்குப் பிரேயர்ல திருத்தி நானே சொல்லிடறேன்" என்றார். இன்னும் கொஞ்சம் ஜன்னல். "பத்து நிமிஷம்தான். ஒரு நிமிஷம் கூடக் கூடாது." எனக்குக் காலே தரையில் இல்லை. நன்றி சொல்லிவிட்டுக் கதவுப் பிடியில் கை வைத்தபோது, பின்னாலிருந்து, "நில்லு. பி.டி. சாரை எப்படிப் பண்ணுவ? மெதுவா, வெளிய கேக்காம" என்றார். பண்ணினேன். கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டார், மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டு குலுங்கியது, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்: "சரி, சிரிக்க மாட்டேன், இப்பக் கெமிஸ்ட்ரி மிஸ்ஸைப் பண்ணு."

நெஞ்செரிச்சலுக்கு ஒரு கிராமுக்கு எது அதிகம் வேலை செய்கிறது என்று சார்ட்டில் தெளிவாக எழுதிவிட்டோம் என்றாலும், எங்கள் எச்.எம்.முக்கு அன்றைக்கு வேலை செய்த சிரிப்பு எத்தனை கிராம் என்று நிறுக்க எங்கள் லேபில் தராசு இல்லை.